சுவரில் ஆணி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, வைக்கட்டுமா" என்கிறாய். அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

போன ஞாயிறு வீடியோவில் பேசினபோது உன் பின்னால் சுவரில் ஆணி மட்டும் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் பேஸ் கிட்டாரைத் துடைக்கக் கழற்றி வைத்திருப்பாய்.

உன் அலமாரிக் கதவில் நீ ஒட்டின லாரி கிரஹாம் படம் அப்படியேதான் இருக்கிறது. யார் இந்த மனிதர் என்று அக்கா மகளைத் தேடிப் படிக்கச் சொன்னேன். நீ எத்தனையோ தடவை சொல்ல வந்தாய், எனக்குத்தான் காதில் ஏறவில்லை. அம்மாவோடு வாசித்தவராமே! அமெரிக்காவில் ஓக்லாந்து என்ற ஊரில் அம்மா டெல் கிரஹாம் பியானோ வாசித்துப் பாட, பக்கத்தில் பதினைந்து வயதுப் பையன். கையில் கிட்டார், கனத்த அடிச்சுரத்துக்குக் கால் ஆர்கன் பெடலில். ஒருநாள் ஆர்கன் கெட்டுப்போனது. சரியாகும்வரை சமாளிப்போம் என்று, அதே அடிச்சுரம் தருகிற ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்தாராம். ஆர்கன் சரியாகவே இல்லை. அப்புறம் அந்த அம்மா டிரம்ஸ்காரரும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். (காசுதான் காரணமாக இருக்கும். குடும்பம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா?) அந்தக் குறை தெரியாமலிருக்க, பெரிய டிரம்முக்குப் பதில் கட்டைவிரலால் தந்தியில் ஓங்கி அடித்தார், சின்ன டிரம்முக்குப் பதில் விரலால் சுண்டி இழுத்தார். மொட்டை மாடியில் நீ டப்பு டப்பென்று அடித்தபோது "தந்தி அறுந்துபோகும், ஒழுங்காக மீட்டத் தெரியாதா" என்று கத்துவேனே, அந்த அடிதான் வித்தையாம்.

அங்கே வந்து கேட்ட ஒரு பெண் ரேடியோவுக்கு ஓயாமல் போன் செய்து, அந்த ரேடியோவில் வேலை பார்த்த ஸ்லை ஸ்டோன் என்ற பாட்டுக்காரரை வரவழைத்திருக்கிறாள். அப்படித்தான் லாரி, ஸ்லையின் குழுவில் சேர்ந்தார். 1969-இல் உட்ஸ்டாக் என்ற பெரிய இசை விழாவில் வாசித்தார்கள். 1970-இல் அவர்களுடைய 'தேங்க் யூ' பாட்டு அமெரிக்காவில் முதலிடம். பிறகு சொந்தக் குழு. மார்கஸ் மில்லர், ஃப்ளீ மாதிரி பேஸ் வாசிக்கிறவர்கள் எல்லாரும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்கிறாள் உன் மருமகள். யாரோ ஒரு பெண், போனில் நாலு வார்த்தை சொன்னாள்.

உன் சம்பளத்தை அப்பா தெருவெல்லாம் சொல்கிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் மூன்று தீபாவளிக்கு வரவில்லையே, அதை யாரிடம் சொல்வது? நேரத்துக்குச் சாப்பிடு.

கல்லூரிக் கடைசி வருஷம், உன் இசைக்குழுக் கூட்டாளிகள் வேனோடு வாசலில் வந்து நின்றார்கள். மறுநாள் உனக்கு இன்டர்வியூ. நீ காய்ச்சல் மாத்திரை போட்டுவிட்டு மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். "இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லச் சொன்னான்" என்று நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை வீட்டு நம்பருக்குப் பேசினார்கள். அதையும் உன்னிடம் சொல்லவில்லை. அவர்கள் உன்னைக் கழற்றிவிட்டதாக நீ இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பாவுக்கும் தெரியாது.

உங்களோடு டிரம்ஸ் வாசித்த சுருட்டை முடிப் பையனைக் கடைத்தெருவில் பார்த்தேன். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. வேன் வந்த அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் உன் நம்பரைக் கேட்டான். உன்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டேன்.

போன் வந்தால் எடு.

அம்மா