புரொசசருக்குள் நடப்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கணினிப் பக்கத்தில் எப்போதும் போன் விலைதான் வருகிறது, புரொசசருக்குள் நடப்பதையும் கொஞ்சம் எழுதுங்கள். நிரலில் ஒரு 'இஃப்' ('இப்படியென்றால் இதைச் செய்' என்ற நிபந்தனை) வந்தால் விடை தெரியும்வரை புரொசசர் காத்திருப்பதில்லை, எந்தப் பக்கம் போகும் என்று ஊகித்து ஓடிவிடுகிறது, ஊகம் பிழையென்றால் செய்ததை எல்லாம் எறிந்துவிட்டுத் திரும்ப வேண்டும். கணினி ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்மித் 1981இல் இந்த ஊக முறைகளை, நிரல்கள் ஓடியபோது பதிந்த தடங்களை வைத்தே ஒப்பிட்டுப் பார்த்தார். உவர்மலையில் நானும் உயர்தரம் படிக்கும் என் மகளும் பைதன் நிரல்மொழியில் அதைச் செய்து பார்த்தோம்: 10 தடவை சுற்றும் ஒரு லூப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், கடைசியாகப் போன பக்கத்தை மட்டும் வைத்து ஊகிக்கும் ஒரு பிட் நினைவு ஒவ்வொரு முறையும் 2 பிழை விடுகிறது (வெளியேறும்போது ஒன்று, மறுபடி நுழையும்போது ஒன்று), ஒரு பிழைக்கே ஊகத்தை மாற்றிவிடாத இரண்டு பிட் கவுண்டர் வெளியேறும்போது மட்டும் 1. கொப்பியில் கோடு போட்டு எண்ணிய பிறகுதான் அவள் நம்பினாள். பழைய லாப்டொப்தான், வேறொன்றும் தேவைப்படவில்லை. இதைத் தமிழில் தொடராகப் போடுங்கள், படிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒரு தந்தை,
திருகோணமலை