அப்பாவுக்கு, காஸ்ட்ரோ தியேட்டரிலிருந்து

ஓக்லாந்து, கலிஃபோர்னியா,
ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் காதில் விழுகிறது, மீதியை அம்மா சுருக்கிச் சொல்லிவிடுகிறாள், அதனால் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியிடம் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சாவகாசமாகப் படியுங்கள். முக்கால்வாசி சினிமா சமாச்சாரம்தான், அதுவும் ஆபரேட்டர் ரூமில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவர் ஒருவருக்குத்தான் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்த சமாச்சாரம்.

என் விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் பகல் நீண்டுகொண்டே போகிறது. பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள், "சும்மா இருக்கிறாயே, எங்கள் திரைப்பட விழாவுக்கு ஆள் தேவைப்படுகிறது, தொண்டராக வருகிறாயா?" என்று கேட்டார். அவர் யூதர். சான் பிரான்சிஸ்கோவில் வருஷா வருஷம் கோடையில் யூதத் திரைப்பட விழா நடக்கிறது, அதைச் சொன்னார். 1980இல் டெபோரா காஃப்மன் என்ற பெண் ஆரம்பித்தது. உலகத்தில் இந்த மாதிரி விழாக்களுக்கெல்லாம் இதுதான் முதல், இதைப் பார்த்துத்தான் மற்ற ஊர்களில் தொடங்கினார்கள். ஹாலிவுட்டில் யூதரைக் காட்டினால் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் காட்டுவார்கள், நம் ஜனங்களின் நிஜ வாழ்க்கையை நாமே திரையில் போட்டுப் பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தாராம். இன்னொன்று, 1990இல், சோவியத் யூனியன் இன்னும் கலையாத நேரத்தில், இவர்கள் மாஸ்கோவுக்கே படங்களை எடுத்துப்போய் அங்கே ஒரு யூதத் திரைப்பட விழா நடத்தியிருக்கிறார்கள். வெளிப்படையாக யூதராக வாழவே பயந்த ஜனங்கள் இருந்த ஊரில் போய் அதைச் செய்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஆட்கள் மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

படங்கள் முக்கியமாக ஓடியது காஸ்ட்ரோ தியேட்டரில். அப்பா, நீங்கள் இந்தத் தியேட்டரைப் பார்க்க வேண்டும். 1922இல் கட்டியது, சுமார் 1,400 பேர் உட்காரலாம், பால்கனி உண்டு, கூரையில் பெரிய சரவிளக்கு. படம் ஆரம்பிப்பதற்கு முன்னால் மேடைக்கு அடியிலிருந்து ஆர்கன் என்ற பெரிய வாத்தியம் மேலே எழும்பி வந்தது, ஒருவர் உட்கார்ந்து வாசித்தார், கடைசிப் பாட்டுக்கு ஜனங்கள் எல்லாரும் தாளம் போட்டுக் கைதட்டினார்கள், அப்புறம்தான் விளக்கு அணைந்தது. நம் ஊரில் திரை ஏறும்போது போடும் இசையும் சுற்றிலும் மினுக்கும் சீரியல் விளக்கும் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் என்னால் எதையும் பார்க்க முடியவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை வாசலில். டிக்கெட் பார்ப்பது, வயதானவர்களைக் கைப்பிடித்து சீட்டில் உட்கார வைப்பது, படம் முடிந்ததும் பார்த்தவர்கள் படத்துக்குப் போடும் மதிப்பெண் சீட்டை வாங்குவது. வாசலில் எனக்கு முன்னால் காவலுக்கு ஆட்கள் நின்று எல்லாருடைய பையையும் திறந்து பார்த்தார்கள். பிட்ஸ்பர்க் நகரத்தில் 2018 அக்டோபரில் யூதர்களின் ஜெபக்கூடத்துக்குள் ஒருவன் புகுந்து 11 பேரைச் சுட்டுக் கொன்றானே, அதற்கப்புறம் இவர்கள் கூடும் இடமெல்லாம் இப்படித்தான் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். படம் பார்க்க வந்த எண்பது வயதுப் பாட்டி பையைத் திறந்து காட்டிவிட்டு, உள்ளே இருந்த வீட்டில் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டை அந்தக் காவலருக்கும் ஒன்றை எனக்கும் கொடுத்துவிட்டுப் போனார். சாக்லேட் வைத்துச் சுருட்டிச் சுடும் ரொட்டி அது, பாப்கா என்று பெயர். அம்மாவுக்குச் செய்முறை தனியாக அனுப்புகிறேன், நம் ஊர் பேக்கரிக்காரர்கள் யாராவது செய்து பார்க்கலாம்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

ஒரு மத்தியானக் காட்சிக்கு 'டிபுக்' போட்டார்கள். 1937இல் போலந்தில் எடுத்தது, யித்திஷ் மொழி. யித்திஷ் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய மொழி. இரண்டு சிநேகிதர்கள், இன்னும் பிறக்காத தங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்வோம் என்று வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள், பெண்ணைப் பெற்றவர் பணம் வந்ததும் வாக்கை மறந்து வேறு இடத்தில் சம்பந்தம் பேசுகிறார், பையன் செத்துப்போய்க் கல்யாணத்தன்று மணப்பெண் மேல் ஆவியாக இறங்குகிறான். ஆவியை ஓட்டப் பெரிய குருவிடம் கூட்டிப்போகிறார்கள். நம் ஊரில் கோடாங்கியிடம் கூட்டிப் போவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்தக் கதையில் விளக்க ஒன்றுமே இல்லை, அப்பா. கல்யாணத்தில் பிச்சைக்காரர்களுக்கு விருந்து வைத்து அவர்களோடு மணப்பெண் ஆட வேண்டும் என்பது வழக்கம். அதில் ஒரு உருவம் மண்டையோட்டு முகத்தோடு வந்து அவளைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறது. படம் எடுத்த இரண்டே வருஷத்தில் போர் வந்துவிட்டது. திரையில் பார்த்த அந்தத் தெருக்களும் கடைகளும், அந்த மொழி பேசிய ஊர்களும் அதற்கப்புறம் இல்லை.

எனக்கு முன் வரிசையில் இரண்டு வயதான அக்கா தங்கைகள். அவர்களுக்கு எழுத்து தேவைப்படவில்லை, வசனம் நேராகப் புரிந்தது. அதனால் நாங்கள் எல்லாரும் கீழே வரும் எழுத்தைப் படித்துச் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவர்கள் சிரித்துவிடுவார்கள். முதலில் ஐந்தாறு இடத்திலிருந்து இந்த முந்திய சிரிப்பு வரும், அப்புறம் தியேட்டர் முழுக்க வரும். இனி வரும் வருஷங்களில் அந்த முந்திய சிரிப்பு குறைந்துகொண்டே போகும் என்று நினைத்தபோது தொண்டையை அடைத்தது.

இதைவிட உங்களுக்குச் சொல்ல வேண்டியது, அவர்கள் போட்டது 35 எம்.எம். பிரிண்ட். டிஜிட்டல் இல்லை. ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வருமே, அது வந்தது! சின்ன வயதில் மடியில் வைத்துக்கொண்டு காட்டிக் கொடுத்தீர்கள், முதல் புள்ளி வந்ததும் அடுத்த மெஷினை ஓட விட வேண்டும், இரண்டாவது புள்ளிக்கு மாற்ற வேண்டும் என்று. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். மாற்றம் அவ்வளவு சுத்தமாக இருந்தது, ஒரு துளி வெட்டுக்கூடத் தெரியவில்லை. படம் விட்டதும் மேலே போய் அந்த ஆபரேட்டரிடம், என் அப்பாவும் இந்த வேலைதான், கார்பன் குச்சி காலத்திலிருந்து என்று சொன்னேன். கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். கார்பன் இடைவெளியை எப்படிச் சரிபார்ப்பார் உங்கள் அப்பா என்று கேட்டார், கறுப்புக் கண்ணாடி வழியாக ஜுவாலையைப் பார்த்துக்கொண்டே கையால் திருகுவார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார் மனுஷன்.

இன்னொரு படம், ஊமைப் படம். இதைத்தான் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், காது கேட்கத் தேவையே இல்லை. 'யூதர்கள் இல்லாத நகரம்', ஆஸ்திரியாவில் 1924இல் எடுத்தது. ஹ்யூகோ பெட்டாவர் என்பவர் எழுதிய நாவலை வைத்து எடுத்திருக்கிறார்கள். விலைவாசி ஏறுகிறது, வேலை இல்லை, ஜனங்கள் கோபத்தில் இருக்கிறார்கள். யூதர்கள்தான் காரணம் என்று சொல்லி அரசாங்கம் அவர்களை எல்லாம் நாட்டைவிட்டு விரட்டச் சட்டம் போடுகிறது. ரயில் நிலையத்தில் குடும்பம் குடும்பமாக மூட்டையோடு நிற்கிறார்கள். அவர்கள் போனபிறகு ஊர் படுத்துவிடுகிறது, வியாபாரம் இல்லை, நாடகம் இல்லை, கடைசியில் திரும்ப அழைக்கிறார்கள். அந்தச் சட்டத்தை நீக்கவிடாமல் முரண்டு பிடிக்கும் ஒரு உறுப்பினரைக் குடிக்க வைத்து ஓட்டுப்போட வரவிடாமல் செய்துவிடுகிறார்கள். பெட்டாவர் இதை விளையாட்டாகத்தான் எழுதியிருக்கிறார். படம் வந்த அடுத்த வருஷம், 1925 மார்ச்சில், நாஜிக் கட்சிப் பின்னணி கொண்ட ஒரு இளைஞன் அவரை அவருடைய அலுவலகத்திலேயே சுட்டான். சுட்டவனைப் புத்தி சரியில்லாதவன் என்று சொல்லித் தண்டனை இல்லாமல் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், சில வருஷங்களில் வெளியே வந்துவிட்டான். 1938இல் ஹிட்லர் வியன்னாவுக்குள் வந்தபிறகு நிஜமாகவே ரயில்கள் புறப்பட்டன. ஆஸ்திரிய யூதர்களில் சுமார் 65,000 பேர் கொல்லப்பட்டார்கள். இந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஐடா யென்பாக்கை 1941இல் மின்ஸ்க் நகரத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அந்த முரண்டு பிடிக்கும் உறுப்பினராக நடித்த ஹான்ஸ் மோசரின் மனைவி யூதர், அவர் ஹங்கேரிக்குத் தப்பிப்போக வேண்டிவந்தது. படத்தை எழுதியவருக்கும் அதில் நடித்தவரின் குடும்பத்துக்குமே அது நடந்திருக்கிறது.

இந்தப் படத்தின் பிரதி வெகுகாலம் அரைகுறையாகத்தான் இருந்தது. 2015இல் பாரிஸில் பழைய சாமான் சந்தையில் ஒரு சேகரிப்பாளர் கையில் ஒரு ரீல் பெட்டி சிக்கியது. அதில் அதுவரை யாரும் பார்க்காத முடிவுக் காட்சியும், யூதர்கள் தாக்கப்படும் காட்சிகளும் இருந்தன. ஆஸ்திரியத் திரைப்படக் காப்பகம் பொதுமக்களிடம் பணம் திரட்டி அதைச் சுத்தம் செய்து 2018இல் திரையிட்டது. நான் பார்த்த அன்று ஓரத்தில் ஒரு பெண் வயலினும் ஒருவர் பியானோவும் வாசித்தார்கள். யாரும் செல்போனைத் தொடவில்லை.

எல்லா நாளும் இப்படிக் கண்ணீர் என்று நினைக்க வேண்டாம். இவர்கள் நன்றாகச் சண்டையும் போடுகிறார்கள். படம் முடிந்து இயக்குநர் மேடைக்கு வந்தால் கேள்வி கேட்க மைக்குக்கு வரிசை. இஸ்ரேல் பற்றிய படம் என்றால் கேட்கவே வேண்டாம். 2009இல், காஸாவில் இஸ்ரேல் ராணுவப் புல்டோசரில் அடிபட்டு இறந்த ரேச்சல் கோரி என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிய ஆவணப்படத்தைப் போட்டு, அவருடைய அம்மாவையும் பேச அழைத்திருக்கிறார்கள். ஊரே இரண்டுபட்டிருக்கிறது, பணம் கொடுப்பவர்கள் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள், அரங்கத்தில் கூச்சல். ஆனாலும் படத்தை ஓட்டினார்கள். நான் பார்த்த நாளிலும் ஒரு பெரியவர் எழுந்து, "இது என் இஸ்ரேல் இல்லை" என்று கத்த, பின்னாலிருந்து ஒரு பெண், "என்னுடையது இதுதான்" என்று பதிலுக்குக் கத்தினாள். வெளியே வந்து இருவரும் ஒரே மேஜையில் காபி குடித்துக்கொண்டே சண்டையைத் தொடர்ந்தார்கள். தன் ஜனங்களின் விழாவிலேயே தன் ஜனங்களைக் கேள்வி கேட்கும் படத்தைப் போடுவது லேசான காரியம் இல்லை. நம் சங்க விழாக்களில் நான் இதைப் பார்த்ததில்லை, பார்க்க ஆசை.

வரிசையில் ஒரு பாட்டி என்னைப் பார்த்து இந்தியாவா என்று கேட்டார். அவர் மும்பையில் பிறந்தவர், பாக்தாதிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். அரை மணி நேரம் நம் பழைய சினிமா பேசினோம். மதுரையில் வேலை பழகும்போது ஸ்ரீ 420 ஓட்டினேன் என்று சொல்வீர்களே, அதில் நீளமான சிகரெட் குழலைப் பிடித்துக்கொண்டு ராஜ் கபூரை மயக்க வரும் நாதிரா, யூதப் பெண். சொந்தப் பெயர் ஃப்ளோரன்ஸ் எசக்கியேல். ஊமைப்பட காலத்தில் நம் குடும்பப் பெண்கள் காமிரா முன்னால் வரத் தயங்கினார்கள், அப்போது நாயகியாக வந்து கொடிகட்டிப் பறந்த சுலோசனா என்பவர் ரூபி மையர்ஸ். டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர், 1973க்கான தாதா சாகேப் பால்கே விருது அவருக்குத்தான். பூட் பாலிஷ் படத்தில் குழந்தைகளோடு பாடும் அந்த வழுக்கைத்தலை ஜான் சாச்சா, டேவிட், அவரும்தான். முதல் மிஸ் இந்தியா என்று 1947இல் பட்டம் வாங்கிய பிரமீளா, எஸ்தர் ஆபிரகாம். இவர்களையெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம், யார் என்று தெரியாமலே. பாட்டி ஒவ்வொரு பெயரையும் தன் அத்தை சித்தி பெயரைச் சொல்வது மாதிரி சொன்னார்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. தென்னிந்தியாவின் முதல் படம் நடராஜ முதலியார் எடுத்த கீசக வதம், நம்மிடம் ஒரு அடி கூட இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸும் இல்லை. பழைய ரீலை வெள்ளி எடுக்க உருக்கிய கதையை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பாரிஸ் சந்தையில் ஒரு பெட்டி கிடைக்கும் என்றால் கோவில்பட்டி குடோனில் ஏன் கிடைக்கக் கூடாது? நீங்கள் வேலை பார்த்த தியேட்டரைக் கல்யாண மண்டபம் ஆக்கப் போகிறார்கள் என்று தம்பி சொன்னான். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை பூட்டியே இருக்குமே, அதில் தகரப் பெட்டிகள் கிடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதலாளியின் மகனிடம் கேட்டு, இடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பாருங்கள். தனியாகப் போக வேண்டாம், தம்பியைக் கூட்டிப்போங்கள். காடி வாசம் அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், சுருளைப் பிரிக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், பெட்டி மேலே ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறது, அவர்களுக்கு நான் எழுதுகிறேன். ஒன்றும் இல்லாமல் வெறும் விளம்பர ஸ்லைடுகளாக இருந்தாலும் சரி, அதையும் எடைக்குப் போட விடாதீர்கள்.

கண் சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குச் சாயங்காலமாக இருக்கும்போது போன் செய்கிறேன், சாவி கிடைத்ததா என்று முதலில் அதைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்