காது எலும்புகள் புதிதாக முளைத்தவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் செவிப்புலன் கட்டுரையில், பாலூட்டிகளின் நடுச்செவியில் இரண்டு எலும்புகள் ‘புதிதாகத் தோன்றின’ என்று எழுதப்பட்டிருந்தது. அது தவறு. அவை தாடையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவை. மாணவர்களும் படிக்கும் இதழ் என்பதால் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

பல்லி, முதலை, பறவை ஆகியவற்றின் நடுச்செவியில் ஒரே எலும்புதான். அது, நம் நடுச்செவியின் மூன்று எலும்புகளுள் ஒன்றான அங்கவடி எலும்புக்கு இணையானது. அவற்றின் கீழ்த்தாடை பல எலும்புகளால் ஆனது. அதன் பின்கோடியிலுள்ள ஆர்ட்டிகுலர் எலும்பும் மண்டையோட்டின் குவாட்ரேட் எலும்பும் பொருந்துமிடமே தாடை மூட்டு. பாலூட்டிகளில் இந்த மூட்டு வேறு இரு எலும்புகளுக்கிடையே அமைந்துவிட்டது. வேலை இழந்த ஆர்ட்டிகுலர் நம் சுத்தி எலும்பாகவும், குவாட்ரேட் பட்டடை எலும்பாகவும் மாறின. கருவளர்ச்சியைக் கவனித்தே ஜெர்மானிய உடற்கூறியலாளர் ரைஷர்ட் 1837இல் இந்த இணைகளைக் காட்டிவிட்டார். பின்னாளில் புதைபடிவங்களும் சாட்சி சொல்லின. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, பாலூட்டிகளின் தொடக்ககால உறவினமான மார்கனுகோடானில் பழைய மூட்டும் புதிய மூட்டும் அருகருகே இருக்கின்றன.

புதைபடிவம் எதற்கு, நரம்பைப் பின்தொடர்ந்தாலே போதும். சுத்தி எலும்பை இழுக்கும் தசைக்கு வருவது ஐந்தாம் மூளை நரம்பு; மெல்லும் தசைகளை இயக்குவதும் அதுவே. அங்கவடி எலும்பு, தாடை உருவாகும் கருவளைவுக்கு (கருவின் தொண்டைப் பகுதியில் தோன்றும் வளைவு) அடுத்த வளைவிலிருந்து வந்தது. அதனால் அதன் தசைக்கு முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பு வருகிறது. முகவாதத்தில் இந்த நரம்பு, அத்தசைக்கான கிளை பிரியுமுன்பே பழுதானால், அந்தப் பக்கக் காதில் சாதாரண ஓசையும் உரக்கக் கேட்கும். அங்கவடியின் அசைவை மட்டுப்படுத்தும் தசை செயலிழப்பதே காரணம். மெல்லும் தசைகளின் பலமோ குறையாது. மருத்துவ மாணவர்களுக்கு இதைவிட நல்ல பரிணாமப் பாடம் கிடையாது.

இன்னொன்று: இந்த எலும்புகள் ‘ஒலியைப் பெருக்குகின்றன’ என்பதும் அரைகுறையான விளக்கம். அவை ஆற்றலைக் கூட்டுவதில்லை. காற்றிலிருந்து உட்செவியின் திரவத்துக்குள் நேரடியாக நுழைய முயலும் ஒலியில் 99.9 சதவீதம் திரும்பிவிடும். செவிப்பறையின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மி.மீ.; அங்கவடியின் அடித்தட்டு 3.2 சதுர மி.மீ. பரப்பு 17 மடங்கு குறைவதோடு 1.3 மடங்கு நெம்புகோல் பலனும் சேர, அழுத்தம் ஏறத்தாழ 22 மடங்காகிறது. இழப்பின் பெரும்பகுதி இப்படித்தான் ஈடாகிறது.

படத்திலும் பெயர்கள் இடம் மாறி அச்சாகியுள்ளன. செவிப்பறையைத் தொடுவது சுத்தி எலும்பு. உட்செவியின் வாயிலான நீள்வட்டப் பலகணியில் பொருந்துவது அங்கவடி எலும்பு.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியை ஒருவர், திருச்சி