வயசாச்சு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் பற்றி மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சென்டினல் நோட் பயாப்ஸியை, அதாவது புற்றுநோய் முதலில் பரவக்கூடிய நிணநீர் முடிச்சை எடுத்துச் சோதிப்பதை, ‘கட்டியின் ஆழம் 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் செய்வார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். யாருக்குச் செய்கிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள் என்பதல்லவா விஷயம்! அமெரிக்க ஆய்வுகளிலேயே வயதானவர்களுக்கும் சரியான காப்பீடு இல்லாதவர்களுக்கும் இது குறைவாகத்தான் நடக்கிறது என்று வந்திருக்கிறது.

குரோம்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 74 வயது. குதிகாலில் கறுப்பாக ஒரு தடிப்பு, கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடை கார்ன் கேப் ஒட்டிக்கொண்டிருந்தார். (நம் ஊரில் மெலனோமா அபூர்வம்தான், வந்தால் உள்ளங்கால், நகத்தடி என்று இப்படித்தான் ஒளிந்துகொள்ளும்.) பயாப்ஸியில் ஆழம் 2 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. டாக்டர் பெரியம்மாவைப் பார்க்காமல் அண்ணனிடம், ‘இந்த வயசுல தொடை இடுக்கெல்லாம் கிளற வேண்டாமே’ என்றார் (காலுக்கான நிணநீர் முடிச்சுகள் அங்கேதான் இருக்கின்றன), அவனும் தலையாட்டிவிட்டான். பெரியம்மா எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தார்.

வேண்டாம் என்பதற்கும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. 2014இல் வெளியான பெரிய ஆய்வின் இறுதி முடிவில், இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கூடுதலாக உயிர் பிழைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) தேவையா என்று முடிவெடுக்க இது உதவும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது, கட்டியைச் சுற்றி அகலமாக வெட்டி எடுக்கும் அதே அறுவையிலேயே செய்வதுதான் முறை, பின்னால் செய்தால் நிணநீர் ஓடும் வழி மாறிப்போய் முடிவை நம்புவது கஷ்டம்.

இன்னொரு மருத்துவர் இதையெல்லாம் பெரியம்மாவிடமே சொன்னார். பெரியம்மா கேட்டது இரண்டே கேள்வி: கால் வீங்குமா, எத்தனை நாளில் நடக்கலாம்? மொத்த முடிச்சுகளையும் எடுப்பதைவிட இதில் வீக்கம் குறைவு என்று தெரிந்ததும், ‘சரி, பண்ணுங்க’ என்றார். ரிசல்ட் என்ன என்பது எங்கள் வீட்டு விஷயம்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது செலவு எவ்வளவு, முதலமைச்சர் காப்பீட்டில் வருமா, இதற்கு வேண்டிய நியூக்ளியர் மெடிசின் வசதி (கதிரியக்க மருந்து செலுத்தி அந்த முடிச்சைக் கண்டுபிடிக்கும் வசதி) சென்னையில் எங்கெங்கே இருக்கிறது என்பதையும் விசாரித்துப் போடுங்கள்.

ஒரு வாசகி,
குரோம்பேட்டை, சென்னை