கபானா எடுக்கலாமா என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. கார்த்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். இனி அவன் துணியை அவனே துவைக்கட்டும், நீ ஓடாதே.

ராயல் கரீபியன் சுற்றுலாக் கப்பல்கள் நிற்கிற கோகோகே தீவில் கபானா, அதாவது கடற்கரையில் வாடகைக்கு விடுகிற குடில், எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். எடு. உனக்காகவோ பிள்ளைகளுக்காகவோ இல்லை, உன் மாமியாருக்காக.

நாங்கள் மயாமியிலிருந்து போனோம். உனக்கு விமானச் செலவுகூட இல்லை, நியூ ஜெர்சியில் உன் பக்கத்துப் பேயோன் துறைமுகத்திலிருந்தே அங்கே போகிற கப்பல்கள் உண்டு. பஹாமாஸின் பெர்ரி தீவுகளில் ஒன்று அது. உண்மைப் பெயர் லிட்டில் ஸ்டிரப் கே, கோகோகே என்பது ராயல் கரீபியன் வைத்த பெயர். 2019-இல் 25 கோடி டாலர் செலவழித்துத் தீவையே மாற்றியபோது, கப்பல் வந்து ஒட்டி நிற்கிற மாதிரி துறையும் கட்டிவிட்டார்கள். அதற்கு முன்னால் சின்னப் படகில் இறங்கித்தான் கரைக்குப் போகவேண்டும். என் அம்மாவின் முழங்காலுக்கு அந்த வேலையெல்லாம் ஆகாது என்றுதான் இந்தத் தீவையே பார்த்து எடுத்தோம். இறங்கி நடந்தால் டிராம் இருக்கிறது, காசில்லை. மணலில் ஓடுகிற சக்கர நாற்காலியும் உண்டு, முதலில் போய்க் கேட்பவர்களுக்குக் கிடைக்கும்.

சாய்வு நாற்காலி, குடை எல்லாம் அங்கே இலவசம். மதியச் சாப்பாடும் கப்பல் கட்டணத்திலேயே சேர்த்தி. அப்புறம் கபானா எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே வந்தார். உச்சி வெயில் ஏறியதும் கேள்வி நின்றுவிட்டது. குடை நிழல் நகர நகர நாற்காலியை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும், அம்மாவை எத்தனை தடவை எழுப்புவது? கபானாவில் கூரை இருக்கிறது, மெத்தை போட்ட இருக்கை, ஐஸ் பெட்டியில் தண்ணீர் பாட்டில், கவனித்துக்கொள்ள ஓர் ஆள். அம்மா கைப்பையைத் தலைக்கு வைத்து நன்றாகத் தூங்கினாள். எழுந்ததும் அவளுக்குப் பொழுது போனது கோழிகளோடு. ஆமாம், அந்தத் தீவில் கோழிகள் திரிகின்றன! “நாட்டுக்கோழிதான்” என்று பார்த்தவுடன் சொல்லிவிட்டாள். கடலை அவ்வளவு கவனிக்கவில்லை.

பிள்ளைகள் கபானா பக்கமே வரவில்லை, தாகம் எடுத்தால் மட்டும் வந்தார்கள். அங்கே நீர்ப் பூங்காவில் 135 அடி உயரத்தில் ஒரு சறுக்கு இருக்கிறது, நாள் முழுக்க அதில்தான். அந்தப் பூங்காவுக்குத் தனிக் கட்டணம், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

கபானா வாடகை ஆளுக்கு இல்லை, குடிலுக்கு. எங்களுடையதில் எட்டுப் பேர் வரை இருக்கலாம், அதனால் தெரிந்த குடும்பம் எதையாவது சேர்த்துக்கொண்டால் நெஞ்சு வலிக்காது. கப்பலையும் தேதியையும் பொறுத்து விலை ஏறி இறங்கும். சில நூறு டாலருக்குக் குறைந்து எதிர்பார்க்காதே. முன்பே இணையத்தில் பதிந்து வை, விலை இறங்கினால் கப்பல் கிளம்புவதற்கு முன் ரத்து செய்துவிட்டு மறுபடி பதியலாம். கவனித்துக்கொள்பவருக்கு நாம் தருகிற டிப்ஸ் தனி. தீவிலேயே தனிக் கட்டணம் கட்டிப் போகிற கோகோ பீச் கிளப்பில் தண்ணீர் மேலேயே நிற்கிற குடில்களும் இருக்கின்றன, உள்ளிருந்தபடியே கடலுக்குள் சறுக்கிவிடலாம். ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்கு இன்னொரு தடவை கப்பலே ஏறிவிடுவேன் நான்.

குளிர்காலத்தில் காற்று பலமாக இருந்தால் கப்பல் துறைக்கு வராமல் திரும்பிவிடுவதும் உண்டு. கபானா பணம் திரும்ப வந்துவிடும், ஆனால் அந்த நாள் போனது போனதுதான். முடிந்தால் டிசம்பர், ஜனவரியைத் தவிர்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. பஹாமாஸ் போய்வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊர் இல்லை, கடைத்தெரு இல்லை, எல்லாம் கப்பல்காரர்கள் கட்டியது. எங்கள் கபானாவைப் பார்த்துக்கொண்ட பையன் பஹாமாஸ் தலைநகரான நசாவுக்காரன். அவன் தன் ஊரைப் பற்றிச் சொன்னதுதான் நான் கண்ட பஹாமாஸ். நீ நசாவிலும் நிற்கிற கப்பலாகப் பார், அங்கே இறங்கி நட.

மாமியாரின் அமெரிக்க விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார். தேதி முடிவானால் எழுது, லீவு கிடைத்தால் நாங்களும் ஒட்டிக்கொள்கிறோம், கபானா வாடகையில் பாதி எங்களுடையது.

அன்புடன்,
வசந்தி