பேர் போடாத ஒரு நன்றி

இது நன்றி மடல்தான், ஆனா இதுல யார் பேரும் இருக்காது. ஏ.ஏ.ன்னா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விடணும்னு நெனைக்கறவங்க ஒண்ணா உக்காந்து பேசற கூட்டம், அந்த மீட்டிங்ல கேட்டத வெளிய கொண்டு வரக்கூடாது, யார் வந்தாங்கன்னும் சொல்லக்கூடாது. படிச்சா நம்மளத்தான் சொல்றான்னு அவங்களுக்கே தெரியும், அது போதும்.

முதல்ல அந்த வார்டு சிஸ்டருக்கு. தினமும் குடிக்கிறவன் பொசுக்குன்னு நிறுத்தினா அடுத்த ரெண்டு மூணு நாள்தான் ஆபத்துன்னு எனக்கு அப்ப தெரியாது, வைராக்கியமா வீட்லயே படுத்துக் கெடந்தேன், கை நடுங்கி, சுவத்துல பூச்சி ஊர்றதா நான் கத்த ஆரம்பிச்சப்புறம்தான் ஆட்டோல தூக்கிப் போட்டுக் கொண்டு போனாங்க. பி1 வைட்டமின் ஊசி போட்டுக்கிட்டே "ஃபிட்ஸ் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும், டாக்டர்கிட்ட வந்துதான்யா நிறுத்தணும்"னு திட்டினீங்க சிஸ்டர். அந்தத் திட்ட அதுக்கப்புறம் எத்தனையோ பேருக்கு நான் அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கேன்.

ஆனா ஒடம்பு தெளிஞ்சதே தவிர நான் தெளியல. குடிக்கல, அவ்வளவுதான். திருப்பூர் பனியன் கம்பெனில ஓவர்லாக் டைலர் நான், சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தா காலு தானா எந்தப் பக்கம் திரும்பும்னு இந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியும். அதையும் தாண்டி வீட்டுக்கு வந்துட்டு பொண்டாட்டி புள்ளைங்ககிட்ட எரிஞ்சு விழுவேன், ரெண்டு பேர் தனியா நின்னு பேசினா என்னப் பத்தித்தான்னு தோணும்.

அப்பதான் என் ஸ்பான்சர் அண்ணன், ஏ.ஏ.ல புதுசா வர்றவனுக்குக் கூடவே இருந்து வழி காட்டற பழைய ஆளத்தான் ஸ்பான்சர்னு சொல்வோம், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தாரு. ஏ.ஏ.வோட பன்னெண்டு படில இது நாலாவது படி, நம்மள நாமே கணக்கெடுக்கறது. யார் மேல கோவம், எதுக்குக் கோவம், அதுல எனக்கு எது அடி வாங்குச்சு, கடைசியா "இதுல உம்பட பங்கு என்ன கண்ணு?" மொத மூணையும் நான் மளமளன்னு எழுதிட்டேன், எழுத எழுத குஷியாவே இருந்துச்சு, கடைசி கட்டம் மட்டும் வாரக்கணக்கா காலியாவே கெடந்துச்சு. என் லிஸ்ட்ல மொத ஆளு மச்சான். எல்லார் முன்னாடியும் என்ன சட்டையப் புடிச்சாருன்னு எழுதியிருந்தேன். எதுக்குப் புடிச்சாரு? அத்தை ஆபரேஷனுக்குன்னு அவரு சீட்டு எடுத்து எங்கிட்ட கொடுத்தனுப்பின பணத்த நான் குடிச்சுட்டேன். சட்டையப் புடிச்சத வருஷக்கணக்கா ஊரெல்லாம் சொல்லியிருக்கேன், பணத்த யாருகிட்டயும் சொன்னதில்ல, எனக்கு நானே கூட.

அஞ்சாவது படி அத வாய் விட்டு இன்னொரு மனுஷன்கிட்ட சொல்றது. கடவுள்கிட்டயும் சொல்லணும்னு இருக்கு, நான் கருப்புச் சட்டக் குடும்பம், அங்கயே முட்டிக்கிட்டு நின்னேன். "நீ புரிஞ்சுக்கிட்ட கடவுள்னுதான போட்டிருக்கு, இப்போதைக்கு அந்த ரூம்ல உக்காந்திருக்கற நாலு பேர வெச்சுக்க சாமி"ன்னுட்டாரு அண்ணன். அவரு வீட்டு மொட்டமாடில ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம் ஆரம்பிச்சு இருட்டற வரைக்கும் படிச்சேன். சீட்டுப் பணம் வந்தப்ப நிமிந்து அவரு மூஞ்சியப் பாக்கவே முடியல, அவரு என்னடான்னா "நான் எங்கம்மா தோட்டையே வித்துக் குடிச்சவன், மேல படி"ங்கறாரு! 1935ல அமெரிக்காவுல ஏக்ரான்ங்கற ஊர்ல ஒரு ஷேர் மார்க்கெட் ஆளும் ஒரு டாக்டரும், ரெண்டு பேருமே மொடாக்குடியருங்க, ஒக்காந்து பேசினதுல ஆரம்பிச்சதுதான் ஏ.ஏ.ன்னு மீட்டிங்ல சொல்வாங்க, அது ஏன் அப்படின்னு எனக்கு அந்த மாடிலதான் வெளங்குச்சு. என்ன விட யோக்கியன் ஒருத்தன் எதிர்ல இருந்திருந்தா நான் பாதிப் பக்கத்த ஒட்டித் திருப்பியிருப்பேன்.

அன்னிக்கு வந்த தூக்கம் மாதிரி தூக்கம் நான் தூங்கினதே இல்ல. காலைல அந்த ஜோர்ல போய் பொண்டாட்டிகிட்ட எல்லாத்தயும் கொட்டிடறேன்னு கெளம்பினேன், அண்ணன்தான் போன்லயே தடுத்தாரு. "உம்பட மனசு லேசாகறதுக்கு அந்தப் புள்ள தலைல எறக்கி வெக்காத. பரிகாரம் ஒம்பதாவது படி, அதுவும் சொன்னா அடுத்தவங்களுக்குக் காயம் ஆகாதுன்னா மட்டும்." பாவமன்னிப்புன்னா ஒரே மூச்சுல எல்லார்கிட்டயும் போட்டு ஒடைக்கறதுன்னு நெனச்சிட்டு இருக்கறவங்க இத கவனிங்க, ஏன்னா நான் அப்படித்தான் நெனச்சேன்.

மச்சானுக்கு, நீங்க சனிக்கிழம சனிக்கிழம நான் கொடுக்கறத எண்ணிப் பாக்காம பாக்கெட்ல வெக்கறதுக்கு நன்றி, ஆனா எண்ணிப் பாருங்க மாமா, அதுதான் எனக்கும் நல்லது. என் வீட்டுக்காரிக்கு, குடிக்கறவங்க வீட்டு ஆளுங்களுக்குன்னு இருக்கற அல்-அனான் மீட்டிங்குக்கு நீ போக ஆரம்பிச்சப்ப "எனக்குத்தான வியாதி, உனக்கு எதுக்கு மீட்டிங்"னு கேட்டேன், இனிமே கேக்க மாட்டேன். இப்பவும் சம்பள நாள் வாசல்ல நிக்க வெச்சு ஊதச் சொல்றியே, சொல்லு, நான் ஊதறேன். சூப்பர்வைசர் சாருக்கு, மீட்டிங் நாள்ல ஓவர்டைம் போடாம விட்டதுக்கு. ஹால்ல டீ போடற தம்பிக்கு, எல்லாம் சரி, சக்கரைய மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணு, குடிய விட்டவங்களுக்கு இனிப்பு தேடும்தான், அதுக்காக பாயாசமா?

அப்புறம் அண்ணே, போன வாரம் புதுசா வந்த செக்கிங் பையன் எங்கிட்ட வந்து "நீங்க ஸ்பான்சரா இருக்கீங்களா"ன்னு கேட்டுட்டான். நோட்டு வாங்கிக் கொடுத்துட்டேன். வர ஞாயித்துக்கிழம படிக்கறானாம், நீங்க அன்னிக்கு போன ஆஃப் பண்ணாம வெச்சிருங்க.