மாலை வகுப்பும் ஐந்தேகால் மணியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. வட்டார விளையாட்டுப் போட்டியில் பரிசுகள் வந்தன, கலைத் திருவிழாவில் பிள்ளைகள் அசத்தினார்கள், கழிப்பறைக்குப் புதுக் கதவும் போட்டாயிற்று. எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்துக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒன்பது பேர், திங்கள் முதல் வியாழன் வரை மாலை 4.15 முதல் 5.15 வரை நம் பிள்ளைகளுக்குக் கணக்கும் வாசிப்பும் சொல்லித்தருகிறார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறாம் வகுப்பில் ஏழு பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்க வரவில்லை. 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால், நடுவில் இருக்கும் பூச்சியத்தைப் பார்த்ததும் பென்சில் நின்றுவிடும். 38 பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார முடியாது. கல்லூரி மாணவி ஒருவர் உட்கார்ந்தார். நூறு தீக்குச்சிக் கட்டைப் பிரித்துப் பத்துப் பத்தாகக் கட்டிக் காட்டினார். இப்போது ஐந்து பேர் தாங்களே போடுகிறார்கள். டீச்சரிடம் கேட்கக் கூசும் சந்தேகத்தை அக்காவிடம் கேட்டுவிடுகிறார்கள். லாபம் அவர்களுக்கும் உண்டு. பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று ஒரு சிறுமி கேட்டாளாம். கணிதப் பட்டப்படிப்பு படிக்கும் தம்பி அன்று இரவு முழுக்க அதையே யோசித்ததாகச் சொன்னார்.

ஆனால் 5.15க்கு வகுப்பு முடிந்தும், ஆறு மணி வரை நாலைந்து பிள்ளைகளை அழைத்துப்போக யாரும் வருவதில்லை. பிள்ளையைத் தனியே விட மனமில்லாமல் அந்த மாணவிகளும் கேட்டருகே நிற்கிறார்கள். 5.30 டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது 6.40க்குத்தான். அப்புறம் விடுதியில் வார்டனுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வேலை நேரம் எனக்குத் தெரியாததல்ல. கம்பெனி வேன் தாமதமானால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆனால் இது தினசரி நடக்கிறது.

அவர்கள் சம்பளத்துக்கு வருபவர்கள் அல்லர். அந்தத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்தால் போதும். முள்செடி வெட்டியும் கணக்கை முடிக்கலாம். என் காலத்தில் நான் அப்படித்தான் முடித்தேன். இரண்டு மாணவிகள் அடுத்த பருவம் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே தெளிவாக எழுதுகிறேன்: ஜனவரி முதல், ஒரே மாதத்தில் மூன்று முறை 5.30ஐத் தாண்டினால் அந்தப் பிள்ளையை மாலை வகுப்பில் வைத்துக்கொள்ள இயலாது. தண்டனை பிள்ளைக்குத்தான் போய்ச் சேரும் என்பதால் இதை எழுத இரண்டு வாரம் தயங்கினேன்.

வர முடியாதவர்கள் பக்கத்து வீட்டாரை அனுப்பலாம். பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருவர் திங்கள், செவ்வாய் கேட்டருகே இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். புதன், வியாழனுக்கு ஆள் தேவை.

நேரத்துக்கு வரும் பெரும்பாலான பெற்றோர்களுக்கு என் நன்றி. வியாழன்தோறும் அந்த மாணவர்களுக்குச் சுண்டல் கொடுத்தனுப்பும் அம்மாவுக்குத் தனி நன்றி. உங்கள் தூக்குவாளி அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்